‘அப்படி யாரும் இங்கே இல்லை’

1

இக்குறிப்புகளில் நான் சரிபார்த்த விவரங்களை மட்டுமே தருகிறேன். நேரில் கண்டவை, உரியவர்களே என்னிடம் சொன்னவை, தாளில் படித்தவை ஆகியவற்றுக்கு அப்பால் எதையும் சேர்க்கவில்லை. இப்படி ஒரு வேலி போட்டுக்கொள்வதற்குக் காரணம் உண்டு.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. நம் ஊர்ப் பதிப்பகம் ஒன்று மின்னஞ்சலில் அனுப்பும் பக்கங்களைக் கொச்சியில், மட்டாஞ்சேரியில் உள்ள ஒரு மாடிவீட்டிலிருந்து படித்துத் திருத்தி அனுப்புகிறேன். பிறர் எழுத்தில் ஓர் ஒற்று மிகுந்தாலும் பொறுக்காத நான், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன் ஒரு புதன்கிழமைக் காலையில், சீருடையில் வந்து கேட்ட ஒருவரிடம் தெரிந்தே ஒரு பிழையான வாக்கியத்தைச் சொன்னேன். அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வேலை கைநழுவிப் போகவிருந்தது. அதைப் பற்றி எழுதும்போதாவது இன்னொரு பிழை சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணைச் சுகன்யா என்று இங்கே அழைக்கிறேன். எல்லாப் பெயர்களும் மாற்றப்பட்டவை. மாற்றியது உரியவர்களுக்குத் தெரியும். காவல்துறையினர் பேசியது மலையாளம். ஓரிரு சொற்களை மட்டும் அப்படியே விட்டு, மற்றவற்றைத் தமிழில் தருகிறேன்.

சுகன்யா மஸ்கட்டுக்குப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை கைபேசியில் அழைத்துத் தன் அறையையும், சன்னலையும், சன்னலுக்கு வெளியே தெரிந்த மண்நிற மலையையும் காட்டினாள். அவள் காட்டிய மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

2

நான் சங்கரன்கோவிலிலிருந்து இங்கு வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவருக்கு மிளகு வணிக நிறுவனம் ஒன்றில் வேலை. இந்த வீட்டுக்குக் குடிவந்து பதினைந்து ஆண்டுகள். எங்கள் மாடிமுகப்புக்குக் கீழே ஒரு சந்து. அதில் பதினொரு வீடுகள். சந்தின் வாயில் ஒரு குழாய். அவ்வீடுகளில் இருப்பவர்களின் பாட்டனார்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நகரசபைத் துப்புரவு வேலைக்காக வந்தவர்கள். பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றும் அதே வேலையில் இருக்கிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். ஒருவர் பிராட்வே கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நிற்கிறார்.

அவர்கள் தமிழில் பாதி மலையாளம். என் தமிழில் பாதி புத்தகம். இவை இரண்டும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நின்றுதான் இத்தனை ஆண்டுகளாகப் பேசிக்கொள்கிறோம். வந்த புதிதில் நான் ‘தயைகூர்ந்து சற்று நகர்ந்துகொள்கிறீர்களா’ என்று கேட்டதைக் குழாயடியில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் ஆசிரியை அல்லேன். ஆயினும் ‘டீச்சர்’ என்றே அழைக்கிறார்கள். திருத்திப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

என் மகளுக்கு இந்தக் கூச்சமெல்லாம் இல்லை. மலையாளத்தில் கனவு காண்பதாகச் சொல்கிறாள். நான் திருத்திய புத்தகங்களின் அட்டைகளை எழுத்துக்கூட்டிப் படிப்பாள், உள்ளே போகமாட்டாள். அவளுக்கு வரும் மலையாளச் செய்தித்தாளை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அரைகுறையாக இருக்கிறோம்.

கீழே நாலாம் வீடு இசக்கியம்மாளுடையது. நகரசபையில் துப்புரவுப் பணி. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் கணவர் மூக்கையா அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு மிகக் குறைவு. சுகன்யா அவர்களுடைய ஒரே மகள். செவிலியர் படிப்பு முடித்து ஆலுவாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டு, அங்கேயே விடுதியில் தங்கி, ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவாள். மஸ்கட்டில் ஒரு மருத்துவமனை அவளைத் தேர்ந்தெடுத்தது. அந்தச் சந்திலிருந்து கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்த முதல் ஆள் அவள்தான் என்று இசக்கியம்மாள் சொன்னார். அண்டை வீட்டார் இருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

3

அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். நான் மாடிமுகப்பில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். சீருடை அணிந்த காவலர் ஒருவர் கையில் ஒரு கோப்புடன் சந்துக்குள் வந்தார். முதல் வீட்டில் கேட்டார். இல்லை என்றார்கள். இரண்டாம் வீட்டில் கேட்டார். இல்லை என்றார்கள். குழாயடிக்கு வந்தார். அங்கே வேலை முடித்து வந்த இசக்கியம்மாள் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“இவிட சுகன்யா எந்நொரு குட்டி உண்டோ?”

இசக்கியம்மாள் தலை நிமிராமல் சொன்னார்: “அப்படி ஒரு பிள்ளையே இங்க இல்ல சாரே.”

காவலர் சுற்றிலும் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். நான் படித்தவள் போலத் தோன்றியிருக்க வேண்டும். அதே கேள்வியை என்னிடம் கேட்டார். இசக்கியம்மாளும் இப்போது தலை நிமிர்ந்து என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. இத்தனை ஆண்டுகள் மேலே குடியிருந்தவள் மேலேயே இருப்பாளா, கீழே வருவாளா என்று பார்ப்பது போல இருந்தது.

“எனிக்கு அறியில்லா” என்றேன்.

எனக்குத் தெரியாது என்று பொருள். அந்தப் பொய்யை நான் மலையாளத்தில் சொன்னேன். தமிழில் சொல்ல நா எழுந்திருக்குமா என்று பின்னர் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் இசக்கியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “டீச்சருக்கு இன்னைக்கு எங்க வீட்டு மீன்குழம்பு உண்டு” என்றார். நான் மீன் உண்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்பளம் பொரித்து அனுப்பினார்.

4

இந்தச் சந்தின் வழக்கம் அது. காக்கி உடுத்தவர் யாருடைய பெயரைச் சொல்லிக் கேட்டாலும், பெயருக்குரியவர் பக்கத்திலேயே நின்றாலும், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கும் தெரியும். இந்த வழக்கம் எனக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. இதை ஒத்த ஒன்றை நான் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன்.

என் தந்தையார் அஞ்சலகத்தில் எழுத்தர். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது அவருடைய சைக்கிள் திருட்டுப் போயிற்று. புகார் கொடுக்கச் சொல்லி அம்மா எவ்வளவோ வற்புறுத்தினார். “அங்கே போய் நின்றால் நம்மைத்தான் நூறு கேள்வி கேட்பான்” என்று சொல்லிவிட்டு நடந்தே வேலைக்குப் போனார். சில மாதங்கள் கழித்து, காவல்நிலையத்துச் சுற்றுச்சுவருக்குள் வேப்பமரத்தடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த பழைய வண்டிகளுக்கு நடுவே அந்தச் சைக்கிள் நின்றது. அவரோடு நடந்து போகும்போது நானும் கண்டேன். கைப்பிடியில் அம்மா சுற்றிக் கொடுத்த பச்சை ஒயர் அப்படியே இருந்தது. அப்பா நின்று பார்த்தார். உள்ளே போய்க் கேட்கவில்லை. அதன்பின் நாள்தோறும் அந்தச் சுவரைக் கடந்துதான் அலுவலகம் போனார். மழைக்காலம் முழுவதும் சைக்கிள் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே போனார். யாரும் அவரைத் துன்புறுத்தியதாக எனக்குத் தெரியாது. அந்த வாசல்தான் அவருக்குத் தடையாக இருந்தது.

அரசு ஊழியரான ஒரு மனிதர் தமக்கு உரிய பொருளைக் கேட்கக் கூசிய வாசல் அது. அதனால்தான் குழாயடியில் இசக்கியம்மாள் சொன்ன பொய் எனக்கு உடனே விளங்கியது. விளங்கியதால் நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

5

பதினொரு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுகன்யா ஆலுவாவிலிருந்து வந்தவள் நேரே எங்கள் மாடிக்கு ஏறி வந்தாள். பின்னாலேயே அவள் அம்மா.

“டீச்சர், இதைக் கொஞ்சம் வாயிச்சுப் பாருங்க” என்று கைபேசியை நீட்டினாள். கடவுச்சீட்டு அலுவலகத்திலிருந்து வந்த செய்தி. விண்ணப்பதாரர் குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை என்று காவல்துறை அறிக்கை வந்திருப்பதாகவும், உரிய விளக்கம் தர வேண்டும் என்றும் இருந்தது.

“பிறந்ததே இந்த வீட்டில. நான் இங்க இல்லன்னு எவன் சொன்னான்?” என்றாள் சுகன்யா.

நான் கைபேசியைப் பார்த்தேன். இசக்கியம்மாள் சுவரைப் பார்த்தார்.

“ஏட்டி,” என்றார் மெதுவாக, “ஒரு போலீசு வந்தான். உன் பேரைச் சொல்லிக் கேட்டான்.”

“எப்போ?”

“முந்தின வாரம். புதன்கிழமை.”

“அம்மா, வெரிஃபிகேஷன் வரும், வீட்டில இருன்னு நான் உங்கிட்டப் பறஞ்சேன் அல்லோ.”

“வெரிஃபிகேஷன் வரும்னு சொன்ன. நான் தபால்ல வரும்னு இருந்தேன். போலீசு வரும்னா சொன்ன?”

சுகன்யா சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. “ஆறு வாரத்துக்குள்ள பாஸ்போர்ட் நம்பர் கொடுக்கலைன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்க அம்மா” என்றாள். “உன்னை யாரும் கேக்கலயா? நீ பெத்தவதானே, நீ சொல்லக்கூடாதா?”

“என்னைத்தான் கேட்டான்” என்றார் இசக்கியம்மாள். “நான்தான் இல்லன்னேன்.”

நானும் சொன்னேன் என்பதை நான் அப்போது சொன்னேன். சுகன்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் என்மீது சினந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். “நீங்களுமா டீச்சர்” என்று மட்டும் கேட்டாள்.

6

காவல்நிலையத்துக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. மனுவை நான் மலையாளத்தில் எழுதினேன். என் மகள் வாங்கிப் படித்து, சிவப்புப் பேனாவால் பதினொரு இடங்களில் திருத்தினாள். பிறர் பக்கத்தில் நான் போடும் அதே குறிகளைப் போட்டிருந்தாள். எப்போது பார்த்துக் கற்றாள் என்று தெரியவில்லை. வருத்தமும் பெருமையும் கலந்த உணர்வோடு படியெடுத்தேன்.

இசக்கியம்மாள் நகரசபை மேலங்கியை அணிந்துகொண்டு வந்தார். விடுமுறை நாளில் ஏன் என்று கேட்டதற்கு, “இதைப் போட்டிருந்தா நானும் சர்க்கார் ஆளு” என்றார்.

உள்ளே நுழைந்ததும் ஒரு மேசை. அதற்குப் பின்னால் முப்பது வயதுக்குச் சற்று மேற்பட்ட ஒரு பெண் காவலர். பெயர் ஷைனி. எங்களை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன்.

“பரவாயில்ல மேடம், எனக்கு நின்னே பழக்கம்” என்றார் இசக்கியம்மாள்.

“அப்படியானால் நானும் நிற்கிறேன்” என்று ஷைனி எழுந்து நின்றார். உட்கார்ந்திருந்த நானும் எழ வேண்டியதாயிற்று. மூவரும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அதன்பின் மூவரும் உட்கார்ந்தோம்.

மனுவைப் படித்துவிட்டு, “அந்தப் பெண் இல்லை என்று யார் சொன்னது?” என்று கேட்டார்.

“நானும் சொன்னேன்” என்றேன். தண்டனை ஏதும் உண்டா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

“மொதல்ல சொன்னது நான் மேடம். அவளைப் பெத்த தள்ள” என்றார் இசக்கியம்மாள். தள்ள என்றால் தாய்.

“சொந்த மகளையா?”

“உங்க ஆளு வந்து பேரு சொல்லிக் கேட்டா வேற என்ன சொல்ல?”

ஷைனி பேனாவை எடுத்து, “ஏன் அப்படி என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றார்.

இசக்கியம்மாள் சொன்னார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்டகசாலையில் பித்தளைச் சாமான்கள் களவு போயின. ஒரு காவலர் சந்துக்கு வந்து மூக்கையா இருக்கிறாரா என்று கேட்டார். ஏழாம் வீட்டுச் சுடலை, கேட்டதற்கு நேர்மையாக, உண்டு, அந்த நாலாம் வீடு என்று கைகாட்டினார். மூக்கையாவை அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள், களவாடியவர் வேறு யாரோ என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த மூக்கையா அதன்பின் பழைய மூக்கையாவாக இல்லை. சுடலையோடு அன்றிலிருந்து சந்தில் யாரும் பேசுவதில்லை. இல்லை என்று சொல்லும் வழக்கம் அந்த நாளில் தொடங்கியது.

ஷைனி எழுதி முடித்தார். அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எழுதியதை முதல் வரியிலிருந்து உரக்கப் படித்துக்காட்டினார். “சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார்.

“மூணு நாள்னு எழுதியிருக்கு. மூணு பகல், ரெண்டு ராத்திரி” என்றார் இசக்கியம்மாள்.

ஷைனி அதை அடித்து, மேலே திருத்தி எழுதி, மறுபடியும் படித்தார். “இதை எழுதி வைப்பதைத் தவிர இன்று வேறொன்றும் என்னால் செய்ய முடியாது” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அனுப்பிய அறிக்கையைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் அவரே விளக்கினார். சுகன்யா கடவுச்சீட்டு அலுவலகத்தில் விளக்கம் கொடுத்து மறு விசாரணை கேட்க வேண்டும். அங்கிருந்து கடிதம் வந்தால் மறுபடியும் ஆள் வருவார். அப்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும். அண்டை வீட்டார் இருவர் அவளை அடையாளம் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். எனக்குத் தண்டனை ஏதும் இல்லை என்பதை நான் கேட்காமலே சொன்னார்.

வெளியே வந்ததும் இசக்கியம்மாள் நின்றார். “ரெண்டு பேருக்கு எங்க போக டீச்சர்? ஒண்ணு நீங்க. இன்னொண்ணு எங்க சந்தில எவன் போலீசு பேப்பர்ல கை வைப்பான்?”

7

அடுத்த செவ்வாய்க்கிழமை ஷைனி சந்துக்கு வந்தார். அந்தப் பகுதி வீடுகளுக்குச் சென்று பழகுவது அவருக்கு ஒதுக்கப்பட்ட வேலை என்றும், அதுவரை இந்தச் சந்துக்குள் வரத் தமக்குத் தயக்கமாக இருந்தது என்றும் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். பயம் இரு பக்கமும் இருந்தது என்பது எனக்குச் செய்தியாக இருந்தது.

அவர் வந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அவர் தட்டவில்லை. குழாயடியில் நின்று, சாத்திய கதவுகளைப் பார்த்துத் தம் பெயரையும், தம் வீடு எங்கே இருக்கிறது என்பதையும், தம் கைபேசி எண்ணையும் சொன்னார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்: “இன்று யாரும் பேசவில்லை. சரியாக இருக்கிறதா?”

ஒரு வீட்டுக்குள்ளிருந்து யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான் அன்று.

அடுத்த செவ்வாய், சந்தில் என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று கேட்டார். யாருடைய பெயரையும் கேட்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு பெண் கதவிடுக்கில் சொன்னார். ஷைனி எழுதிப் படித்ததும், “மூணாவது போஸ்ட் இல்ல, நாலாவது” என்று இன்னொரு வீட்டிலிருந்து திருத்தம் வந்தது. பிறகு, “குழாய்க் கைப்பிடியும் எழுதுங்க” என்றது வேறொரு குரல். அரைமணி நேரத்தில் ஆறு வீட்டார் வெளியே வந்து அவர் எழுதியதில் பிழை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே நின்ற எனக்கு, என் தொழிலை இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது போல இருந்தது. எழுதியதை எழுதப்பட்டவர் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்வதுதானே அது. தம்மைப் பற்றி என்ன எழுதப்படுகிறது என்பது அதுவரை அவர்களுக்குத் தெரிந்ததே இல்லை.

மூன்றாம் செவ்வாய் அவர் வந்தவுடன், “விளக்கு பற்றி மின்வாரியத்துக்கு எழுதினேன். இன்னும் வேலை நடக்கவில்லை” என்று தாமாகவே சொன்னார். நடக்காததை நடக்கவில்லை என்று சொன்ன அந்த நாளில்தான் மூக்கையா, ஒரு சொல்லும் பேசாமல், உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து குழாயடியில் போட்டார். ஷைனி அதில் உட்கார்ந்தார். இசக்கியம்மாள் சாயா கொண்டுவந்து கொடுத்தார்.

“மதுரம் கூடிப்போச்சா மேடம்?”

“கொஞ்சம்.”

“அதையும் எழுதிருங்க.”

8

மறு விசாரணைக்குக் கடிதம் வந்தபோது, சுகன்யா பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்க வேண்டிய நாளுக்குப் பதினாறு நாள் இருந்தது. ஆலுவாவில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றாள். வந்தவர் முதலில் வந்த அதே காவலர். சந்துக்குள் நுழைந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். இசக்கியம்மாளிடம் வந்து நின்றார்.

“இந்நு உண்டோ?”

“இன்னைக்கு உண்டு சாரே” என்றார் இசக்கியம்மாள். சந்து முழுவதும் சிரித்தது, அவரும் சிரித்தார்.

நான் கீழே இறங்கிப் போய், அன்று பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை மறக்க மாட்டேன். “நீங்கள் சொன்னதை நானும் அன்று நம்பவில்லை சேச்சி. ஆனால் நான் நம்பியதை எழுத முடியாது. கேட்டதைத்தான் எழுத முடியும்.” இதைவிடக் கறாரான மெய்ப்புத் திருத்துநரை நான் சந்தித்ததில்லை.

தாள்களைச் சரிபார்த்தார். சுகன்யாவிடம் சில கேள்விகள் கேட்டார். முதல் சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். அன்று என் வாய் சொன்னதை என் கை மாற்றி எழுதியது. “இனி ஒருவர்” என்று படிவத்தை நீட்டினார்.

யாரும் முன்வரவில்லை. சாயா கொடுத்தவர்கள், விளக்குக் கம்பத்தைத் திருத்திச் சொன்னவர்கள், சற்று முன்பு சிரித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். பேசுவது வேறு, காவல்துறைத் தாளில் பெயர் எழுதுவது வேறு. ஒருவர் தமக்குக் கையெழுத்து வராது என்றார். இன்னொருவர் மகனைக் கேட்க வேண்டும் என்றார். சுகன்யா எவரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அதுவரை அவள் கண்கலங்கி நான் கண்டதில்லை.

அப்போது ஏழாம் வீட்டுக் கதவு திறந்தது. சுடலை வந்தார். எண்ணெய் தடவி வாரிய நரைத்தலை. சட்டைப்பையில் ஏற்கெனவே பேனா இருந்தது. வழிவிட்டார்கள்.

“ஒரு தடவ உண்டுன்னு சொன்னேன்,” என்றார், காவலரைப் பார்த்து. ஆனால் பேச்சு காவலருக்கானது அன்று. “பதினெட்டு வருசம் எங்கிட்ட ஆரும் மிண்டல. இன்னொரு தடவ சொல்லிப் பாக்குறேன்.”

மிண்டுதல் என்றால் பேசுதல். படிவத்தைச் சுவரில் வைத்து, தம் முழுப்பெயரையும் தமிழில், மிக மெதுவாக எழுதினார். காவலர் அதை வாங்கி, “வாயிக்கான் அறியில்லா, பக்ஷே நல்ல எழுத்து” என்றார். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்து நன்றாக இருக்கிறது என்று பொருள். சுடலை திரும்பி நடந்தபோது, நாலாம் வீட்டு வாசலில் நின்ற மூக்கையா அவருக்கு ஒரு பீடியை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். இருவரும் பற்றவைக்கவில்லை.

கடவுச்சீட்டு பதினொன்றாம் நாள் வந்தது. உறையை நான் கண்ணால் கண்டேன். பெட்டி வாங்க இசக்கியம்மாளும் நானும் படகில் எறணாகுளம் போய்ப் பிராட்வே முழுவதும் அலைந்தோம்.

9

ஷைனிக்கு இரண்டு மாதங்களுக்கு முன் மாறுதல் வந்துவிட்டது. கடைசிச் செவ்வாயன்று எல்லா வீட்டிலும் சாயா குடிக்க வைத்தார்கள். நான் தூய தமிழில் ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். நான் படிக்கப் படிக்க, என் மகள் அதை மலையாளத்தில் சொன்னாள். ஷைனி கேட்டுவிட்டு, “சரியாக இருக்கிறது” என்றார்.

அவர் போனபின் யாரும் வரவில்லை. சென்ற வாரம் வியாழக்கிழமை ஒரு புதிய காவலர் வந்தார். இளையவர், முகம் கடுமையாக இருந்தது. குழாயடிக்கு வந்து, “சுடலை ஆரா?” என்று கேட்டார். சுடலை யார் என்று.

நான் மாடிமுகப்பில் இருந்தேன். கீழே குடங்கள் நின்றன. எல்லாரும் இசக்கியம்மாளைப் பார்த்தார்கள். தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் குழாயை மூடினார்.

“உண்டு சாரே. ஏழாம் வீடு, உள்ளதான் இருக்காரு. என்ன காரியம்னு சொல்லிட்டுக் கூப்பிடுங்க. எழுதறதா இருந்தா எழுதினதை எங்களுக்கு வாயிச்சுக் காட்டணும். இங்க அதாக்கும் வழக்கம்.”

புதியவர் திகைத்தார். பிறகு, கலூரில் ஒரு பேருந்தில் யாரோ கண்டெடுத்து ஒப்படைத்த பை ஒன்று நிலையத்தில் இருக்கிறது என்றும், அதில் சுடலையின் ஆதார் அட்டை உள்ளது என்றும், வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கேட்டதற்கு இணங்கி, கையிலிருந்த தாளையும் படித்துக்காட்டினார். “ஒரு பை, ஒரு சோற்றுப் பாத்திரம், ஒரு குடை.”

“குடை என்னோடது இல்ல” என்றார் உள்ளேயிருந்து வந்த சுடலை. புதியவர் அதை அடித்தார்.

அன்று மாலையே சுடலை தனியாக நிலையத்துக்குப் போனார். அரைமணி நேரத்தில் பையோடு திரும்பி வந்ததை நான் மேலிருந்து பார்த்தேன். வாங்குவதற்கு முன் உட்காரச் சொன்னார்களாம், உட்கார்ந்தாராம். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்துக்குள் நடந்து வந்தபோது எனக்கு ஒரு பச்சை ஒயர் நினைவுக்கு வந்தது.

இந்த மண்ணுக்கும், இந்தச் சந்துக்கும், செவ்வாய்க்கிழமைகளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

10

தெரியாதவை வருமாறு.

பித்தளைக் களவின்போது மூக்கையாவை அழைத்துப் போனது எந்த நிலையத்தார் என்பது தெரியாது. அந்த மூன்று பகல்களிலும் இரண்டு இரவுகளிலும் என்ன நடந்தது என்பதை அவர் மனைவியிடமும் சொல்லவில்லை. ஷைனி எழுதிய அந்தப் பக்கம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரியாது. புதியவர் அடுத்த செவ்வாய் வருவாரா என்பதும் தெரியாது. நாற்காலி குழாயடியிலேயே இருக்கிறது.

என் தந்தையாரின் சைக்கிள் பின்னர் என்னவாயிற்று என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் யாரும் இன்றுவரை போய்க் கேட்டதில்லை.